ரோமாபுரியில் எதிரெதிரே இரு வாசல்கள்



ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் மற்றொரு சமயத்தாரின் வழிபாட்டு இடத்துக்குச் செல்வது இந்நாட்டில் நாம் சாதாரணமாகக் காணும் செயல். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மாதா கோயிலில் திருமணம் என்றால், நல்ல துணி உடுத்திக்கொண்டு போய் வாழ்த்திவிட்டு வருகிறோம். அதில் பெரிதாகச் சிந்திக்க எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இதே செயல் ஒரு காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பெரும் அவமானமாக இருந்தது. பின்னாளில் அதுவே பழைய பகை தணிந்ததற்கு அடையாளமாகவும் ஆயிற்று. யூதர்கள் கிறிஸ்தவ தேவாலயத்துக்குச் சென்ற வரலாற்றைத்தான் சொல்கிறோம். அதைப் பற்றி இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே வேர், இரு கிளைகள்

யூத சமயம் உலகின் மிகப் பழைய சமயங்களுள் ஒன்று. ஏசுநாதர் யூத குலத்தில் பிறந்தவர். அவருடைய முதற்சீடர்களும் யூதர்களே. யூதரின் வேதநூல்தான் கிறிஸ்தவ வேதாகமத்தில் பழைய ஏற்பாடாக இருக்கிறது. ஆகவே இரண்டு சமயங்களும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கிறிஸ்தவர்கள் ஏசுநாதரை இறைமகனாக வணங்குகிறார்கள். யூதர்கள் அவ்வாறு ஏற்பதில்லை. இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவம் இல்லை, எந்த உருவத்தின் முன்னும் மண்டியிடலாகாது என்பது யூதருக்கு விதிக்கப்பட்ட கட்டளை. எனவே சிலுவையும் சிற்பங்களும் நிறைந்த தேவாலயத்தில் வழிபாட்டு நேரத்தில் அமர்ந்திருப்பது, பக்தியுள்ள யூதர் ஒருவருக்கு மனச்சங்கடமான காரியம்.

இன்னொன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். யூதரின் ஓய்வுநாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றும்வரை அது நீடிக்கும். அன்று அவர்கள் வேலை செய்வதில்லை, நெருப்பு மூட்டுவதில்லை, வண்டி ஏறுவதில்லை. வீட்டாரோடு உணவு உண்டு, வேதம் ஓதி, இளைப்பாறும் நாள் அது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் செய்தியின் கொடுமை விளங்கும்.

மதிலுக்குள் அடைத்தார்கள்

இத்தாலி நாட்டு ரோமாபுரியில் யூதர்கள் ஏசுநாதர் பிறப்பதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகிறார்கள். அந்நகரைப் போப்பாண்டவர்கள் ஆண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது போப்பாண்டவர் சமயத் தலைவர் மட்டுமல்லர். நாட்டை ஆளும் அரசரும் அவரே.

1555-ஆம் ஆண்டில் நான்காம் பவுல் என்பவர் போப்பாண்டவரானார். பதவியேற்ற சில வாரங்களிலேயே, ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள், யூதர்களைப் பற்றி ஒரு கட்டளை பிறப்பித்தார். டைபர் ஆற்றங்கரையில் வெள்ளம் ஏறும் தாழ்வான பகுதியில் அவர்கள் அனைவரும் குடியேற வேண்டும். அதைச் சுற்றி மதில் எழும்பியது. அந்த மதிலுக்கான செலவும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. இத்தகைய அடைப்புக் குடியிருப்புக்குக் ‘கெட்டோ’ என்று பெயர். 1516-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் முதலில் வழங்கிய பெயர் அது.

ஆண்கள் மஞ்சள் நிறத் தொப்பி அணிய வேண்டும். யாரும் நிலமோ வீடோ வைத்திருக்கக் கூடாது. பழந்துணி வாங்கி விற்பதைத் தவிர வேறு வாணிகம் பெரும்பாலும் இல்லை. யூத வைத்தியர் கிறிஸ்தவ நோயாளியைத் தொடக் கூடாது. ஏழைக் கிறிஸ்தவர்கூட யூதரை மரியாதைச் சொல்லால் அழைக்கக் கூடாது. யூதரும் கிறிஸ்தவரும் சேர்ந்து உண்ணவோ, விளையாடவோ, நெருங்கிப் பழகவோ கூடாது.

கடைசியாகச் சொன்ன விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடக்காத ஒன்றைத் தடுக்க எவரும் சட்டம் போடுவதில்லை. அதுவரை அந்த இரு சமயத்து மக்களும் ஒரே பந்தியில் உண்டு, ஒன்றாக விளையாடி, அண்டை அயலாராகப் பழகியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

தடியும் பஞ்சும்

பிறகு வந்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி, மேலும் ஒரு படி சென்றார். 1577-ஆம் ஆண்டிலும் 1584-ஆம் ஆண்டிலும் அவர் பிறப்பித்த கட்டளைகளின்படி, யூதர்கள் வாரந்தோறும் கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்க வர வேண்டும் என்பது சட்டமாயிற்று. 100 ஆண்களும் 50 பெண்களும் வந்தாக வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். வராவிட்டால் தண்டனை.

எந்த நாளில் தெரியுமா? அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமை பிற்பகலில். காலையில் தங்கள் ஜெபாலயத்தில் அவர்கள் எந்த வேதப் பகுதியை ஓதினார்களோ, அதே பகுதியை எடுத்துக்கொண்டு, ‘நீங்கள் கொண்ட பொருள் தவறு’ என்று பிரசங்கி விளக்குவார். பிரசங்கி பெரும்பாலும் யூத சமயத்திலிருந்து மாறியவராக இருப்பார். சொந்த வீட்டு ஆளைக் கொண்டே வீட்டை இடிக்கும் முறை அது.

மோந்தேன் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1581-ஆம் ஆண்டில் ரோமாபுரிக்கு வந்தபோது இத்தகைய பிரசங்கம் ஒன்றைப் பற்றித் தம் பயணக் குறிப்பில் எழுதினார். முன்னர் ரபியாக, அதாவது யூத சமய குருவாக இருந்த ஒருவர் பேசினாராம். கட்டாயமாக வந்தாக வேண்டிய 60 யூதர்கள் எதிரே இருந்தார்களாம். பேச்சாளரின் புலமையை மோந்தேன் வியந்து பாராட்டுகிறார். கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரின் மனம் என்ன பாடுபட்டது என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

அந்த மனத்தை வேறொரு செய்தி நமக்குக் காட்டுகிறது. யூதர்கள் காதில் பஞ்சையோ மெழுகையோ அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இதை அறிந்த அதிகாரிகள், வாசலில் நிறுத்திக் காதுகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். உள்ளே தூங்குபவரைத் தட்டி எழுப்பத் தடியுடன் காவலர் நடமாடினார்கள். ‘தடியெடுத்தவன் தண்டல்காரன்’ என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் அந்தத் தடியால் ஆளை இருக்கையில் உட்கார வைக்க முடிந்ததே தவிர, உள்ளத்தைத் திறக்க முடியவில்லை. எவ்வளவு படித்தவர் பேசினாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர்கள் மிகச் சிலரே.

நடுவே பிரெஞ்சுப் படைகள் ரோமாபுரியைப் பிடித்திருந்த சில ஆண்டுகளில் இந்தக் கட்டாயம் நின்றது. அவர்கள் போனதும் மீண்டும் வந்தது. இறுதியாக 1847-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் அதை நீக்கினார். 1584-இலிருந்து எண்ணினால் 263 ஆண்டுகள். அடுத்த ஆண்டே, 1848-இல், கெட்டோவின் கதவுகளும் அகற்றப்பட்டன.

அண்டை வீட்டார் வழக்கங்கள்

கட்டளைகள் ஒருபுறம் இருக்க, சாதாரண மக்கள் எப்படிப் பழகினார்கள்? இதையும் நாம் பார்க்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாத வரலாறு அடுப்படியில் இருக்கும்.

ஓய்வுநாளில் யூதர்கள் நெருப்பு மூட்டுவதில்லை என்று சொன்னோம் அல்லவா? ஐரோப்பாவின் குளிர்காலத்தில் அடுப்பு அணைந்துவிட்டால் குழந்தைகள் நடுங்கிப் போவார்கள். அப்போது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் வந்து அடுப்பை மூட்டிக் கொடுப்பார். பல ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இது தொடர்ந்தது. ஜமாயிக்காவிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் பையன், தன் வட்டாரத்து ஜெபாலயத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் விளக்கைப் போட்டுக் கொடுத்து 25 காசு பெற்றான். 1937-இல் பிறந்த அந்தப் பையன்தான் பிற்காலத்தில் படைத்தலைவராகவும், 2001-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராகவும் ஆன காலின் பவல்.

பாஸ்கா திருநாள் வழக்கம் இன்னும் சுவையானது. அந்த ஒரு வார காலம் புளித்த மாவுப் பண்டம் எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? ஆகவே திருநாளுக்கு முன் அவற்றை யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடுவார்கள். திருநாள் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவர் ‘இது என் பொருள், தர மாட்டேன்’ என்று சொன்னால் சட்டப்படி அதைத் தடுக்க முடியாது. அந்த அளவுக்கு ஒருவரை ஒருவர் நம்பினால்தான் இந்த வழக்கம் நிற்கும்.

யூதரின் தால்முத் என்னும் பழைய நூல் தொகுப்பிலும் இதற்கேற்ற விதி ஒன்று உண்டு. வேற்றுச் சமயத்து ஏழைகளுக்கும் உணவு கொடுக்க வேண்டும். அவர்களுடைய நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர்களில் இறந்தவர்களை அடக்கம் செய்யவும் உதவ வேண்டும். ‘சமாதானத்தின் பொருட்டு’ இவற்றைச் செய்ய வேண்டும் என்று அந்நூல் காரணமும் சொல்கிறது.

ஒரு குழந்தையின் கதை

இந்த நல்ல பழக்கங்களையும் கட்டாய மதமாற்றச் சட்டம் எப்படி நஞ்சாக்கியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்.

போப்பாண்டவர் ஆட்சியிலிருந்த பொலோனா நகரில் மோர்த்தாரா என்றொரு யூதக் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பணிப்பெண் வேலை செய்தாள். எட்கார்டோ என்ற கைக்குழந்தை நோயுற்றபோது, அது இறந்துவிடுமோ என்று அஞ்சி, பெற்றோருக்குத் தெரியாமல் அவள் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். ஆண்டுகள் சென்றபின் செய்தி அதிகாரிகளின் காதுக்கு எட்டியது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை யூதர் வளர்க்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். 1858-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காவலர்கள் வந்து, ஆறு வயதுப் பிள்ளையைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள்.

ஐரோப்பா முழுவதும், அமெரிக்காவிலும் கண்டனக் குரல்கள் எழுந்தன. கத்தோலிக்கரான பிரெஞ்சுப் பேரரசரும் அதை எதிர்த்தார். போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் இணங்கவில்லை. கட்டாயப் பிரசங்கத்தை நிறுத்திய அதே போப்பாண்டவர்தான் அவர். பிள்ளை கிறிஸ்தவராகவே வளர்ந்து, பாதிரியாராகி, 1940-இல் காலமானார்.

அந்தப் பணிப்பெண் கெட்ட எண்ணத்தோடு செய்தாள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சட்டம் அவள் அன்பைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பாக்கிவிட்டது. அடுப்பு மூட்ட வருபவரையும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுபவரையும் பார்த்து யூதத் தாய்மார்கள் அஞ்ச வேண்டிய நிலை வந்தது.

1870-ஆம் ஆண்டில் இத்தாலியப் படை ரோமாபுரிக்குள் நுழைந்தது. போப்பாண்டவரின் அரசாட்சி முடிந்தது. யூதர்கள் மற்றவர்களைப் போல் உரிமையுள்ள குடிமக்களானார்கள். பழைய கெட்டோ இருந்த இடத்திலேயே 1904-இல் பெரிய ஜெபாலயம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள்.

இருண்ட நாட்களில் திறந்த கதவுகள்

இரண்டாம் உலகப் போரில், 1943-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெர்மானிய நாஜிப் படை ரோமாபுரியைக் கைப்பற்றியது. ஒன்றரை நாளுக்குள் 50 கிலோ தங்கம் தர வேண்டும், இல்லையேல் ஆட்களைப் பிடித்துச் செல்வோம் என்று யூதர்களை மிரட்டியது. ஜெபாலயத்தில் மக்கள் மோதிரங்களையும் சங்கிலிகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். அந்த வரிசையில் கிறிஸ்தவர்கள் சிலரும் வந்து, தாங்களும் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

தங்கத்தைப் பெற்றுக்கொண்டும் நாஜிகள் வாக்கைக் காக்கவில்லை. அக்டோபர் 16-ஆம் நாள் சனிக்கிழமை, யூதரின் ஓய்வுநாளில், விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ஏற்றிச் சென்றார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர்.

எஞ்சியவர்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது எப்படி? கிறிஸ்தவக் கன்னிமாடங்களும் துறவி மடங்களும் பள்ளிகளும் கதவைத் திறந்தன. வெளியார் கால் வைக்கவே கூடாத கன்னிமாடங்களிலும் யூதத் தாய்மார்கள் பிள்ளைகளோடு ஒளிந்திருந்தார்கள். சிலர் துறவியரின் அங்கியை அணிந்தார்கள். சோதனை வந்தால் தப்புவதற்காகக் கிறிஸ்தவ ஜெபங்களை மனப்பாடம் செய்தார்கள். அன்றைய போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் வெளிப்படையாகக் குரல் கொடுத்திருக்க வேண்டாமா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் கதவைத் திறந்த கன்னியரையும் பாதிரிமாரையும் பிழைத்தவர்கள் மறக்கவில்லை.

போப்பாண்டவர் படியேறி வந்தார்

போருக்குப் பின் கிறிஸ்தவ உலகம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1960-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் ஜானைச் சந்தித்தார். யூதரைப் பற்றி இழிவாகப் போதிப்பதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். போப்பாண்டவர் செவி சாய்த்தார். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் ஓர் அறிக்கையை ஏற்றது. ஏசுநாதரின் மரணப் பழியை எல்லா யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று அது கூறியது. யூத வெறுப்பையும் கண்டித்தது. ஆதரவு வாக்குகள் 2,221. எதிர் வாக்குகள் 88.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், டைபர் ஆற்றைக் கடந்து ரோமாபுரி ஜெபாலயத்துக்கு வந்தார். தலைமை ரபி எலியோ தோவாப் அவரை எதிர்கொண்டு தழுவி வரவேற்றார். போப்பாண்டவர் யூதர்களைத் தம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். ஒரு காலத்தில் யூதர்களை இழுத்து வந்து உட்கார வைத்த சபையின் தலைவர், இப்போது தாமே யூதர் வீட்டுப் படியேறி விருந்தினராக உட்கார்ந்தார்.

இன்றைய வழக்கம்

இன்று யூதர்கள் தேவாலயத்துக்குச் செல்லலாமா? இதில் அவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. கட்டுப்பாடு மிகுந்தவர்கள் உள்ளே போவதில்லை. திருமணமாயின் பின்னர் நடக்கும் விருந்துக்குப் போய் வாழ்த்துவார்கள். வேறு பலர் நண்பர் வீட்டுத் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் போகிறார்கள். எல்லாரும் எழும்போது மரியாதைக்கு எழுவார்கள். ஆனால் மண்டியிட மாட்டார்கள், சிலுவை அடையாளம் இட மாட்டார்கள், நற்கருணை அப்பம் வாங்க மாட்டார்கள். அதை நல்ல கிறிஸ்தவர் எவரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அழைப்பவரும் எவ்வளவு கவனமாக இருக்கலாம் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் 2023-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் முடிசூடினார். அன்று சனிக்கிழமை. தலைமை ரபி எப்ரைம் மெர்விஸ் வண்டியில் வர முடியாது. ஆகவே தேவாலயத்துக்கு நடந்தே வரும்படியாக, முதல் நாளே அவரையும் மனைவியையும் அருகிலிருந்த தம் அரண்மனையில் தங்க வைத்தார் மன்னர். விழா முடிவில் பல சமயத் தலைவர்கள் சேர்ந்து வாழ்த்துரைத்தபோது ஒலிவாங்கி வைக்கவில்லை. ஓய்வுநாளில் அவர் மின்கருவி வழியாகப் பேசக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

நேயர்களே, இரண்டு சனிக்கிழமைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் யூதரின் ஓய்வுநாளைப் பறித்து, காதைச் சோதித்து, தடியைக் காட்டி உட்கார வைத்தார்கள். மற்றொன்றில் அவருடைய ஓய்வுநாளுக்கு ஏற்ப விழாவையே சற்று வளைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் யூதர் தேவாலயத்தில்தான் இருந்தார். முன்னதில் அவருடைய நெறிக்கு அங்கு மதிப்பில்லை. பின்னதில் அந்த நெறியோடேயே அவரை அழைத்தார்கள்.

ரோமாபுரியில் பழைய கெட்டோவின் ஓரத்தில், யூதர்களைக் கட்டாயப் பிரசங்கத்துக்கு இழுத்து வந்த தேவாலயங்களுள் ஒன்றான சான் கிரகோரியோ இன்றும் இருக்கிறது. யூதர்கள் பிடிவாதக்காரர்கள் என்று கடிந்துரைக்கும் வேத வாசகம், அவர்களுடைய எபிரேய மொழியிலும் லத்தீன் மொழியிலும் அதன் முகப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்பது 1904-இல் கட்டிய ஜெபாலயம். 1986-க்குப் பின் 2010-இலும் 2016-இலும் போப்பாண்டவர்கள் அதன் படியேறி வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை வேற்றுச் சமயத்து நண்பரை நம் வீட்டுத் திருநாளுக்கோ கோயில் விழாவுக்கோ அழைக்கும்போது, ‘உங்கள் வழக்கத்தில் எது ஆகும், எது ஆகாது?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். 263 ஆண்டுகள் பிரசங்கம் நடத்தியவர்கள் கேட்க மறந்த கேள்வி அது ஒன்றுதான்.